கல்லூரி அணியில் நீடிப்பதா, என்.பி.ஏ. டிராஃப்ட்டுக்குச் செல்வதா?

அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்தில் ஓராண்டு ஒளிர்ந்த இளைஞர் பலரும் இந்தக் கேள்வியில் தடுமாறுகின்றனர். என்.பி.ஏ. என்பது தொழில்முறைக் கூடைப்பந்து லீக்; டிராஃப்ட் என்பது அதன் அணிகள் இளம் வீரர்களை முறைவைத்து இரண்டு சுற்றுகளில் தேர்ந்தெடுக்கும் நிகழ்வு.

வருமானம்
கல்லூரி: தம் பெயரையும் உருவத்தையும் கொண்டு வீரர்கள் பணம் ஈட்டுவதற்கு இருந்த தடையை, கல்லூரி விளையாட்டுகளை நிர்வகிக்கும் என்.சி.ஏ.ஏ. 2021 ஜூலையில் நீக்கியது. 2025 ஜூனில் நீதிமன்றம் ஏற்ற உடன்பாட்டின்படி, ஒரு பல்கலைக்கழகம் 2025–26 கல்வியாண்டில் தன் வீரர்கள் அனைவருக்குமாக ஏறத்தாழ 2.05 கோடி டாலர் வரை நேரடியாகப் பகிர்ந்தளிக்கலாம். ஆனால் பெரிய பல்கலைக்கழகங்கள் பலவற்றில் அதன் பெரும்பங்கை அமெரிக்கக் கால்பந்தே விழுங்கிவிடுகிறது.
என்.பி.ஏ.: முதல் சுற்றில் தேர்வாகும் 30 பேருக்கு முதலிரு ஆண்டு ஊதியம் உறுதி, இரண்டாம் சுற்றில் விதிப்படி அந்த உறுதி இல்லை. உண்மையான பிளவு இங்கேதான் இருக்கிறது என்பது என் கருத்து.

ஆட்ட நேரம்
கல்லூரி: நட்சத்திர வீரர் பெரும்பாலும் களத்திலேயே இருப்பார்.
என்.பி.ஏ.: ஒரு பருவத்தில் 82 ஆட்டங்கள் உண்டு, புதியவரோ பெஞ்சிலோ என்.பி.ஏ.வின் வளர்ப்பு லீக்கான ஜி லீக்கிலோ காத்திருக்க நேரலாம்.

திரும்பும் வழி
டிராஃப்ட்டுக்குப் பெயர் கொடுத்தவர் கெடுவுக்குள் விலகினால், கல்லூரித் தகுதியை இழக்காமல் திரும்பலாம். ஆகவே அணிகளின் மதிப்பீட்டை முதலில் கேட்டறிவதில் இழப்பு குறைவு.

முதல் சுற்றில் இடம் ஏறத்தாழ உறுதியானவருக்கு என்.பி.ஏ.வே பொருத்தம். இரண்டாம் சுற்று விளிம்பில் நிற்பவருக்கு, நல்ல ஒப்பந்தம் தரும் கல்லூரியில் இன்னோர் ஆண்டு ஆடுவதே மேல்.