பழைய ஆல்ட்டோவுக்கு மாற்று ஹேண்ட்பிரேக் கேபிள்: வாங்கலாமா?

வாங்கலாம். ஆனால் முதலில் பின்சக்கர பிரேக்கை மூடியிருக்கும் டிரம்மைக் கழற்றிப் பாருங்கள். ஹேண்ட்பிரேக் லீவர் பத்துப் பல் (பத்து 'டிக்' சத்தம்) வரை ஏறியும் வண்டி சரிவில் உருண்டால், பல வண்டிகளில் குற்றம் கேபிளில் இல்லை. டிரம்மை உள்ளிருந்து அழுத்திப் பிடிக்கும் ஷூவின் லைனிங் தேய்ந்திருக்கும், ஷூவைத் தள்ளும் வீல் சிலிண்டர் கசிந்து ஷூ நனைந்திருக்கும், அல்லது ஷூ தேயத் தேய இடைவெளியைத் தானாகச் சரிசெய்யும் ராட்செட் துருவேறி இறுகியிருக்கும்.

மெக்கானிக்குகள் பலர் லீவர் அடியில் உள்ள நட்டை மட்டும் முறுக்கி அனுப்பிவிடுவார்கள். அது ஏமாற்று வைத்தியம். கேபிள் எப்போதும் இழுபட்டே இருப்பதால் ராட்செட் வேலை செய்யாது, டிரம்மும் சூடாகும்.

கேபிளுக்கு வருவோம். கடைகளில் கிடைக்கும் மலிவு ரகத்தில் உள்கம்பி நன்றாகவே இருக்கிறது. சொதப்புவது நுனியை மூடும் ரப்பர் உறையான பூட். அது தளர்ந்தால் மழைநீர் கேபிளின் வெளிக்குழாய்க்குள் இறங்கி, ஓரிரு மழைக்காலத்தில் கம்பி சிக்கிக்கொள்ளும். பழையதோடு பக்கத்தில் வைத்து நீளத்தையும் கம்பி நுனியில் உள்ள குண்டையும் ஒப்பிடுங்கள். இடது, வலது இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள்.

மாட்டும்போது முன்சக்கரத்துக்குக் கட்டை, பின்பக்கத்துக்கு ஜாக் ஸ்டாண்ட் கட்டாயம். லீவர் அடி நட்டை முழுக்கத் தளர்த்தி, டிரம்மை மாட்டி, பிரேக் பெடலைப் பத்துப் பதினைந்து முறை மிதித்து ஷூவை நெருங்க விடுங்கள். நட்டை முறுக்குவது அதற்குப் பிறகுதான்: ஐந்தாறு பல்லில் பிடிக்க வேண்டும், லீவரை இறக்கினால் சக்கரம் கையால் தடையின்றிச் சுழல வேண்டும். டிரம் தூசியை மட்டும் வாயால் ஊதாதீர்கள்.

பூட் இறுக்கமாக இருந்தால் மலிவு ரகமே போதும். இல்லையென்றால் ஒரிஜினலுக்குக் கூடுதலாகக் கொடுப்பது வீண் இல்லை.