எம்.சி. ரோட்டில் வாங்கிய ராஸ்தஃபாரி டி-ஷர்ட்

வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டின் ஒரு சிறு கடையில் 350 ரூபாய்க்கு இந்த டி-ஷர்ட்டை வாங்கினேன். பச்சை, மஞ்சள், சிவப்புப் பட்டைகளுக்கு நடுவே சடைமுடி தரித்த சிங்கம் ஒன்று அச்சிடப்பட்டிருக்கிறது. பருத்தித் துணி கனமாகவும் வியர்வையை உறிஞ்சுவதாகவும் இருக்கிறது. தோள் தையலும் உறுதியானது. குறை சொல்ல வேண்டியது, காலரில் தொங்கவிட்டிருக்கும் அட்டையைப் பற்றித்தான். '1960களில் பாடகர்கள் தொடங்கிய மதம்' என்று அதில் தமிழிலேயே அச்சிட்டிருக்கிறார்கள்.

ராஸ்தஃபாரி என்பது 1930களில் ஜமைக்காவில் தோன்றிய மத இயக்கம்; இசை பின்னால் வந்தது. 1930 நவம்பர் 2 அன்று அடிஸ் அபாபாவில் ராஸ் தஃபாரி மக்கொன்னன், ஹைலி செலாசி என்னும் பெயரில் எத்தியோப்பியாவின் பேரரசராக முடிசூடினார். 'ராஸ்' என்பது பட்டம், 'தஃபாரி' அவருடைய இயற்பெயர். ஆங்கிலேயர் ஆட்சியில் அடிமைகளின் வழித்தோன்றல்கள் வறுமையில் உழன்றுகொண்டிருந்த ஜமைக்காவில், 'யூதாவின் சிங்கம்' என்ற பட்டமுடைய கறுப்பினப் பேரரசர் ஒருவரின் முடிசூட்டுச் செய்தியை விவிலிய வாக்கின் நிறைவேற்றமாகவே சிலர் வாசித்தனர். கறுப்பினத்தவர் ஆப்பிரிக்காவை நோக்க வேண்டும் என்ற, ஜமைக்காவின் கறுப்பினத் தலைவர் மார்கஸ் கார்வியின் பிரசாரம் அதற்கு முன்பே நிலத்தைப் பண்படுத்தி வைத்திருந்தது. ஆனால் கார்வியே பின்னாளில் அந்தப் பேரரசரைக் கடுமையாக விமர்சித்தவர் என்பது வேடிக்கை.

இதை வீதியில் பேசியவர்களுள் முதன்மையானவர் லெனர்ட் ஹோவல். பேரரசரின் படத்தை ஒரு ஷில்லிங்குக்கு விற்றார். எத்தியோப்பியா செல்ல அதுவே பயணச்சீட்டு என்று வாங்கியவர்கள் நம்பியதாகச் சொல்வார்கள். உங்கள் மன்னர் இங்கிலாந்தில் இல்லை என்று பேசியதற்காக 1934இல் அரசு அவர்மீது ராஜதுரோக வழக்குத் தொடுத்து ஈராண்டு சிறையில் அடைத்தது. வெளியே வந்தபின் 1940இல் 'பினக்கிள்' என்ற குடியிருப்பை அமைத்தார். 1845 முதல் ஜமைக்காவுக்குக் கப்பலேறிய இந்தியக் கூலித் தொழிலாளர்களின் சாயலும் இக்கதையில் உண்டு: ஹோவல் 'கங்குங்குரு மராக்' என்று புனைபெயர் சூட்டிக்கொண்டார், 'மகராஜ்' அதில் ஒலிப்பது நமக்கு எளிதில் விளங்கும். 'கஞ்சா' என்ற சொல்லும் அத்தொழிலாளர்களோடு போனதுதான்.

தொடக்க காலத்துக்கு உரிய சின்னம் டி-ஷர்ட்டில் உள்ள இந்தச் சடைமுடிச் சிங்கம் அன்று. ஹோவல் சடை வளர்த்தவரும் அல்லர். எத்தியோப்பியப் பேரரசுக் கொடியில் இருந்த சிங்கம் தலையில் கிரீடம் தரித்து, சிலுவை பொருத்திய கொடிக்கம்பை ஏந்தி நிற்கும். அதையே வரைந்திருந்தால் அட்டையில் எதுவும் எழுதாமலேயே விஷயம் விளங்கியிருக்கும்.

மூன்றாவது துவைப்பில் சிவப்புச் சாயம் மஞ்சளில் இறங்கிவிட்டது; தனியாக, குளிர்ந்த நீரில் அலசுவது நல்லது. அளவு சரியில்லையென்றால் மாற்றித் தருகிறார்கள், சாயம் போனதற்கு மாற்றித் தருவதில்லை. அட்டையின் பிழையைச் சொன்னபோது கடைக்காரர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, அட்டை இன்னும் இரண்டு கட்டு மிச்சமிருக்கிறது என்றார்.