முதுகெலும்பில் பரவிய புற்றுநோய்: வழக்கமான ரேடியேஷனா, எஸ்.பி.ஆர்.டி.யா?

அப்பாவின் சிறுநீரகப் புற்றுநோய் முதுகெலும்பில் ஒரே ஒரு இடத்துக்குப் பரவியிருந்தது. டாக்டர் இரண்டு வழி சொன்னார்: வழக்கமான ரேடியேஷன், அல்லது கட்டியைத் துல்லியமாகக் குறிவைத்து அதிக அளவைச் சில தடவையிலேயே கொடுக்கும் எஸ்.பி.ஆர்.டி. என்ற ரேடியேஷன். நாங்கள் எடுத்தது எஸ்.பி.ஆர்.டி. ஆகவே என் சாய்வு எந்தப் பக்கம் என்பதில் ஒளிவுமறைவு இல்லை.

வழக்கமான ரேடியேஷனைக் குறைத்துச் சொல்ல முடியாது. 8 கிரே (கதிர்வீச்சை அளக்கும் அலகு) ஒரே தடவை, அல்லது மொத்தம் 20 கிரேயை 5 தடவையாக, 30 கிரேயை 10 தடவையாகப் பிரித்துக் கொடுப்பார்கள். சீக்கிரம் தொடங்கலாம், சில நிமிடத்தில் எழுந்துவிடலாம். வலியும் பலருக்குக் குறைகிறது.

எங்கள் முடிவைத் தீர்மானித்தது முதுகெலும்புக்குள் ஓடும் தண்டுவடம். அது தாங்கும் கதிர்வீச்சுக்கு ஓர் உச்சவரம்பு உண்டு. ஒருமுறை வாங்கியது அடுத்த முறை கணக்கிலும் ஏறும். வழக்கமான முறையில் எலும்புக்குப் போகும் அளவு ஏறக்குறைய அப்படியே தண்டுவடத்துக்கும் போகிறது. அதனால் கட்டிக்குக் கூட்டிக் கொடுக்க வழியில்லை. சிறுநீரகப் புற்றுநோயோ சின்னச் சின்ன அளவுக்கு எளிதில் மசியாது என்று பெயர் வாங்கியது. எஸ்.பி.ஆர்.டி.யில் பல கோணங்களிலிருந்து வரும் கதிர்கள் கட்டியில் குவிந்து, சில மில்லிமீட்டர் தள்ளியதுமே மளமளவென்று குறைந்துவிடும். 24 கிரேயை 2 தடவையில் கொடுக்க முடிவது அதனால்தான். 2021-இல் வெளியான ஓர் ஆய்வில் இந்த அளவையும் வழக்கமான 20 கிரே 5 தடவையையும் ஒப்பிட்டார்கள்: மூன்று மாதத்தில் வலி முற்றிலும் போனவர்கள் எஸ்.பி.ஆர்.டி.யில் 35 சதவீதம், வழக்கமான முறையில் 14. ஆனால் ஒரே தடவையில் கொடுத்துப் பார்த்த ஓர் அமெரிக்க ஆய்வில் எஸ்.பி.ஆர்.டி.க்கு இப்படி அனுகூலம் தெரியவில்லை.

சிரமம் இல்லாமல் இல்லை. எம்.ஆர்.ஐ. எடுத்துத் திட்டம் போடவே நாளாகிறது. உடம்பின் வடிவத்துக்கு இறுகும் வாக்யூம் மெத்தையில், கையைத் தலைக்கு மேல் வைத்து அரை மணி நேரம் அசையாமல் கிடக்க வேண்டும்; முதுகுவலிக்காரருக்கு அதுவே தண்டனை. வலி மாத்திரை போட்டுத்தான் அப்பாவைப் படுக்க வைத்தோம். முடிந்தபின் சில நாள் வலி கூடலாம், எலும்பு நொறுங்கும் அபாயமும் உண்டு.

கால் மரத்து வலுவிழந்தால் இந்த ஒப்பீட்டுக்கே நேரமில்லை. அன்றே டாக்டரிடம் ஓட வேண்டும். பத்து இடத்தில் பரவியவருக்கு என் அனுபவம் உதவாது. புராஸ்டேட் நோயாளிகளுக்கு ஊசி வழியே ஏற்றும் லுட்டீசியம் என்ற கதிரியக்க மருந்து வேறு கதை, அதை நான் பக்கத்திலிருந்து பார்த்ததில்லை.

எதை எடுத்தாலும் டாக்டரிடம் கேளுங்கள்: தண்டுவடத்துக்கு எத்தனை கிரே போகிறது, இதே இடத்தில் மறுபடி தேவைப்பட்டால் எவ்வளவு மிச்சம்? பதிலோடு திட்ட அறிக்கையின் நகலையும் வாங்கி வையுங்கள். அடுத்து பார்க்கும் டாக்டர் முதலில் கேட்பது அதைத்தான்.