ஷாம்பெய்னா, கிரெமோனா? கிரெமோன் என்றால் எந்த ஊர்க் கிரெமோன்?

அக்கா மகள் கல்யாண வரவேற்புக்குக் குமிழ் ஒயின் வாங்கும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. பிரான்சில் நடக்கும் கல்யாணம், மாப்பிள்ளை வீட்டார் பிரெஞ்சுக்காரர்கள். ஆளுக்கொரு கோப்பை கையில் வராமல் வரவேற்பு தொடங்காது. பிரான்சின் ஷாம்பெய்ன் வட்டாரத்தில் செய்தால்தான் அது ஷாம்பெய்ன். அதே முறையில் மற்ற வட்டாரங்களில் செய்வது கிரெமோன். ஷாம்பெய்ன், அல்சாஸ் கிரெமோன், பூர்கோஞ் கிரெமோன், லுவார் கிரெமோன், தெற்கே லிமூ என்று ருசி பார்த்துவிட்டு லுவாரை எடுத்தேன். ஆகவே கீழே வருவது நடுநிலையான தீர்ப்பு இல்லை. லுவார் பக்கம் சாய்ந்துவிட்டவன் எழுதுவது.

விலைக் கணக்கை முதலில் முடித்துவிடலாம். ஒரு பாட்டிலில் ஆறு கோப்பை வரும். நூறு பேருக்கு ஆளுக்கு ஒன்றரைக் கோப்பை என்றால் 25 பாட்டில். நல்ல கிரெமோன் பத்துப் பன்னிரண்டு யூரோவுக்குக் கிடைக்கிறது. குடிக்கத் தகுந்த ஷாம்பெய்ன் இருபத்தைந்துக்குக் கீழே அரிது. முந்நூறு யூரோவுக்கு மேல் வித்தியாசம் வருகிறது. லேபிளில் ‘ஷாம்பெய்ன்’ என்ற சொல்லைப் பார்த்தால்தான் சம்பந்தி வீட்டுக்குத் திருப்தி என்றால் கொடுத்துத்தான் ஆக வேண்டும், அதில் வாதம் இல்லை. ருசிக்காக வாங்குகிறவர்கள் மேலே படிக்கலாம்.

செய்முறையில் இவை எல்லாம் ஒரே குடும்பம். கிரெமோன் என்று லேபிளில் போட வேண்டுமானால் திராட்சையைக் கையால்தான் பறிக்க வேண்டும், கொத்தோடு முழுசாகப் பிழிய வேண்டும், 150 கிலோவுக்கு 100 லிட்டருக்கு மேல் சாறு எடுக்கக் கூடாது. ஷாம்பெய்னில் 160 கிலோவுக்கு 102 லிட்டர், ஏறக்குறைய அதே கணக்கு. முதலில் சாதாரண ஒயினாக நொதிக்க விடுகிறார்கள். பாட்டிலில் அடைக்கும்போது லிட்டருக்குச் சுமார் 24 கிராம் சர்க்கரையும் ஈஸ்ட்டும் சேர்த்து, பீர் பாட்டிலுக்குப் போடும் உலோக மூடியைப் போட்டு நிலவறையில் படுக்க வைக்கிறார்கள். உள்ளே இரண்டாம் தடவை நொதிக்கிறது. வரும் வாயுவுக்கு வெளியேற வழியில்லாததால் ஒயினிலேயே கரைந்து நிற்கிறது. குமிழுக்கு மூலம் அதுதான். தொட்டியில் மொத்தமாக நொதிக்க வைத்துப் பாட்டிலில் அடைக்கும் மலிவு ‘மூசோ’ வேறு ஜாதி. அதை இந்த வரிசையில் சேர்க்கவில்லை.

நொதித்து முடிந்தால் ஈஸ்ட் செத்துப் பாட்டிலின் அடியில் வண்டலாகப் படிகிறது. அதை அப்படியே எத்தனை மாதம் விட்டுவைக்கிறார்கள் என்பதுதான், என் கணக்கில், இந்த ஒப்பீட்டின் உயிர்நாடி. ஊர், திராட்சை வகை, லேபிளின் அழகு எல்லாம் அதற்குப் பிறகுதான்.

செத்த ஈஸ்ட் சும்மா கிடப்பதில்லை. அதன் செல்சுவர் மெல்ல மெல்லக் கரைந்து புரதப் பொருட்களும் அமினோ அமிலங்களும் ஒயினுக்குள் இறங்குகின்றன. ஷாம்பெய்னைப் பற்றிப் பேசும்போது வெண்ணெய் ரொட்டி வாசம் என்கிறார்களே, அது அங்கிருந்து வருவது. நாக்கில் ஒயின் தண்ணீராக ஓடாமல் கொஞ்சம் தடிப்பாக நிற்பதும், குமிழ் முள்ளாகக் குத்தாமல் மெத்தென்று இருப்பதும் அதன் வேலையே. ஆனால் இது அவசரத்துக்கு நடக்காது. ஒன்பதாம் மாதத்தில் ஈஸ்ட் வாசம் இருக்கிறதா இல்லையா என்று யோசிக்க வைக்கும். ஒன்றரை வருடம் தாண்டினால் யாரும் சொல்லாமலே தெரியும்.

சட்டம் என்ன சொல்கிறது? கிரெமோன் வண்டலோடு குறைந்தது 9 மாதம் இருக்க வேண்டும். லேபிளில் அறுவடை ஆண்டு குறிப்பிடாத ஷாம்பெய்ன் பாட்டிலில் அடைத்த நாளிலிருந்து 15 மாதம் நிலவறையை விட்டு நகரக் கூடாது, அதில் 12 மாதம் வண்டலோடு. ஆண்டு குறிப்பிட்டதென்றால் 3 வருடம். எனவே சட்டம் கேட்கும் குறைந்தபட்சத்தோடு நிற்கும் கிரெமோனையும் அதே மாதிரி நிற்கும் ஷாம்பெய்னையும் பக்கத்தில் வைத்தால் ஷாம்பெய்ன்தான் ஜெயிக்கும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வண்டலோடு 24 மாதம் கிடந்த ஒரு கிரெமோனை 15 மாத சூப்பர்மார்க்கெட் ஷாம்பெய்ன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எங்கள் வீட்டில் லேபிளை மறைத்து ஊற்றியபோது கிரெமோன் கோப்பைகள்தான் முதலில் காலியாயின. விலையோ பாதி.

காலம் குறைந்தால் அந்த ஓட்டையைச் சர்க்கரையால் அடைப்பார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். வண்டலை எடுக்க, பாட்டிலைச் சிறிது சிறிதாகத் திருப்பித் தலைகீழாக்குகிறார்கள். கையால் செய்தால் வாரக்கணக்கில் ஆகும், 504 பாட்டில் பிடிக்கும் இயந்திரக் கூண்டு சில நாளில் முடித்துவிடும். வண்டல் முழுவதும் கழுத்தில் வந்து சேர்ந்ததும் கழுத்தை மட்டும் உறைகுளிர் உப்புக் கரைசலில் முக்குகிறார்கள். மூடியைத் திறந்தால் வண்டலைப் பிடித்துக்கொண்ட பனிக்கட்டி ‘பொட்’டென்று தெறித்து விழுகிறது, கூடவே கொஞ்சம் ஒயினும். அந்தக் குறையை நிரப்பும்போதுதான் சர்க்கரை கலந்த ஒயின் சேர்கிறது. ‘ப்ரூட்’ என்று போட்டிருந்தால் லிட்டருக்கு 12 கிராம் வரை இருக்கலாம், ‘எக்ஸ்ட்ரா ப்ரூட்’ என்றால் 6 கிராம் வரைதான். காலத்தாலேயே தடிப்பு ஏறிய ஒயினுக்கு இந்தப் பூச்சு அதிகம் தேவைப்படாது.

இனி ஊர் ஊராக.

அல்சாஸ்: 1900-இல் பாரிஸ் கண்காட்சியில் ஷாம்பெய்ன் செய்முறையைப் பார்த்துவிட்டு ஜூலியன் தோஃப் என்பவர் அதை ரிக்விர் ஊருக்குக் கொண்டுபோனார். கிரெமோன் என்ற பெயரோடு சட்ட அங்கீகாரம் 1976-இல் வந்தது. கிரெமோன்களில் அதிகம் தயாராவது இங்கேதான், அதனால் எந்தக் கடையிலும் கிடைக்கும். பினோ பிளான் திராட்சைதான் பெரும்பாலும். மென்மையானது, ஆப்பிள் மணம், யாருக்கும் பிடிக்காமல் போகாது. எனக்கு அதுவே கொஞ்சம் சப்பென்று பட்டது. பினோ நுவார் திராட்சையில் மட்டுமே செய்யும் இவர்களின் ரோசே (இளஞ்சிவப்பு ஒயின்) வேறு விஷயம், அதை மறுக்க மாட்டேன்.

லிமூ: சேன்-இலேர் மடத்துத் துறவிகள் 1531-லேயே குமிழ் ஒயின் கண்டார்கள் என்று லிமூக்காரர்கள் சொல்வார்கள். ஷாம்பெய்னைக் கண்டுபிடித்தவர் என்று பலரும் சொல்லும் துறவி தோம் பெரிஞோன் பிறந்ததே 1638-இல்! அவர்களின் பாரம்பரியக் குமிழ் ஒயினான ‘பிளாங்கெத்’தில் மோசாக் திராட்சை குறைந்தது 90 விழுக்காடு, கிரெமோனில் ஷார்தொனேவும் ஷெனனும் முன்னே நிற்கும். மலிவு. மோசாக்கின் பச்சை ஆப்பிள் வாசம் பழகினால்தான் பிடிக்கும்.

பூர்கோஞ்: லுவாருக்கு உண்மையான போட்டி இதுதான். ஷாம்பெய்னின் அதே ஷார்தொனே, பினோ நுவார். வடக்கே ஷாத்தியோன் பக்கத்துத் தோட்டங்களுக்கு ஷாம்பெய்னின் தென்கோடி கூப்பிடு தூரம். நான் மேலே புலம்பிய காலக் கணக்கை லேபிளிலேயே போடுகிற நேர்மையும் இவர்களிடம் இருக்கிறது. ‘எமினோன்’ என்றிருந்தால் வண்டலோடு 24 மாதம், ‘கிராந் எமினோன்’ என்றால் 36 மாதம். தேடி அலைய நேரமில்லாதவர்களுக்கு என் பரிந்துரை கண்ணை மூடிக்கொண்டு ஒரு எமினோன். பிரச்சினை விலைதான். அந்தப் படிக்குப் போனதும் மலிவு ஷாம்பெய்னை நெருங்கிவிடுகிறது, கிரெமோன் வாங்கியதன் அர்த்தமே பாதி போய்விடுகிறது.

லுவார்: இங்கே நாயகன் ஷெனன் பிளான். புளிப்பு தூக்கலான திராட்சை. குமிழ் ஒயினுக்குப் புளிப்புதான் முதுகெலும்பு, அது இல்லாவிட்டால் புளி போடாத ரசம்தான். ஷெனனின் புளிப்பு நீண்ட காலம் வண்டலோடு கிடந்தாலும் மழுங்காது. மேலே ரொட்டி வாசம் ஏறுகிறது, அடியில் சீமை மாதுளை, எலுமிச்சைச் சாயல் அப்படியே நிற்கிறது. இரண்டும் ஒன்றையொன்று தின்றுவிடுவதில்லை. ஷார்தொனே, கபெர்னே ஃப்ரான் கலப்பும் உண்டு, ஷெனன் பங்கு அதிகமானதையே எடுத்தேன்.

காலத்தைச் செலவில்லாமல் தருவதற்கு அந்த மண்ணிலேயே வசதி இருக்கிறது. சோமூர் நகரைச் சுற்றி ‘துஃபோ’ என்ற மென்மையான வெள்ளைச் சுண்ணாம்புக்கல். அரண்மனைகள் கட்ட அந்தக் கல்லைத் தோண்டியெடுத்த சுரங்கங்கள் கிலோமீட்டர் கணக்கில் ஓடுகின்றன. கோடையோ குளிரோ, உள்ளே வெப்பம் 12 டிகிரியை ஒட்டியே நிற்கும். குளிரூட்டச் செலவில்லை, பாட்டிலை இன்னும் ஒரு வருடம் விட்டுவைப்பது அவர்களுக்குப் பெரிய பாரமில்லை. ஜான் அக்கர்மான் என்ற ஒயின் வணிகர் 1811-இல் அங்கே கடை விரித்ததும் இந்தச் சுரங்கங்களை நம்பித்தான். நம் ஊர்க்காரர்களுக்கு ஒரு உபரித் தகவல்: அதே சோமூரில் 1851-இல் தொடங்கிய புவே-லதுபே ஒயின் நிறுவனம் 2006 முதல் 2015 வரை விஜய் மல்லையாவின் யூபி குழுமத்தின் கையில் இருந்தது. பிறகு அதன் பழைய உரிமையாளரான மோன்முசோ குடும்பமே திரும்ப வாங்கிக்கொண்டது.

இன்னொரு காரணம் எங்கள் பந்தி. வடை, மீன் வறுவல், மிளகுக் கோழி என்று எண்ணெயும் காரமுமாக வரும் தட்டுக்கு ஷெனனின் புளிப்பு வாயைக் கழுவி விடுகிறது. அல்சாஸ் அந்தக் காரத்தில் காணாமலே போனது. பூர்கோஞ் தாக்குப்பிடித்தது.

ஜூரா, சவுவா, போர்தோ, ‘தீ’ (Die) ஆகிய ஊர்களிலும் கிரெமோன் உண்டு. ஜூராவில் குடித்தது நன்றாகவே இருந்தது, ஆனால் ஒன்றிரண்டு பாட்டிலை வைத்து ஊரையே எடைபோட மாட்டேன். மற்ற மூன்றிலும் என் அனுபவம் அதைவிடக் குறைவு.

லுவாரின் குறை, பூர்கோஞ் மாதிரி காலத்தை முன்பக்கத்தில் சொல்லும் பெயர் இல்லை. பின் லேபிளைத் திருப்பிப் பொடி எழுத்தைப் படிக்க வேண்டும். ‘24 முவா சூர் லாத்’ மாதிரி ஒரு வரி இருந்தால் அத்தனை மாதம் வண்டலோடு கிடந்தது என்று பொருள். ‘தெகோர்ஜே’ என்ற சொல்லுக்குப் பக்கத்தில் மாதமும் வருடமும் இருந்தால் அது வண்டலை எடுத்த தேதி. இரண்டும் இல்லாவிட்டால் குறைந்தபட்சத்தோடு நின்றிருப்பார்கள் என்றே வைத்துக்கொள்வேன். தோட்டத்துக்காரரிடம் நேரில் வாங்கினால் கூசாமல் கேட்கலாம், காத்திருந்து செய்தவர்கள் பெருமையாகவே சொல்வார்கள்.

வண்டலை எடுத்த பிறகு காலம் நமக்கு எதிரி. ரொட்டி வாசம் கூடும் என்று அலமாரியில் பூட்டிவைக்க வேண்டாம், ஈஸ்ட்தான் போய்விட்டதே. ஓரிரு வருடத்துக்குள் திறந்துவிடுங்கள், எட்டு முதல் பத்து டிகிரி குளிரில். விருந்தில் மிஞ்சும் என்று பயந்து குறைத்து வாங்கத் தேவையில்லை. திறக்காத பெட்டியைத் திரும்ப எடுத்துக்கொள்வீர்களா என்று கடையில் முன்கூட்டியே கேட்டு, ரசீதில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.