‘விட்டுட்டுப் போங்க மேடம், நாங்க பாத்துக்கிறோம்’

சென்னையில் நாய்க்கு அஜிலிட்டி, அதாவது தடைகளைத் தாண்டி ஓடும் விளையாட்டு, கற்றுத்தரும் வகுப்பு தேடிக்கொண்டிருக்கிறீர்களா? பணம் கட்டுவதற்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள். நான் கட்டியது 44,000 ரூபாய். பணத்தோடு போயிருந்தால் இவ்வளவு நீளமாக எழுதியிருக்க மாட்டேன்.

எங்கள் பொன்னி சாம்பல் நிறச் சிப்பிப்பாறை. பத்து மாதக் குட்டியாக இருந்தபோது நடந்தது இது. அப்போது 17 கிலோ. ஓடுவதற்கென்றே பிறந்த ஜாதியை இரண்டு படுக்கையறை வீட்டில் வளர்த்தது என் தப்புதான், ஒத்துக்கொள்கிறேன். காலையும் மாலையும் நடத்திக்கொண்டு போனாலும் அவளுக்குப் போதவில்லை. ஒரு மெத்தை போனது, அப்புறம் சோபாவின் ஒரு கை போனது. தடைகளைத் தாண்டி நாய்கள் ஓடும் வீடியோ ஒன்றை மகள் காட்டினாள். பொன்னிக்காகவே செய்த விளையாட்டு போலிருந்தது.

தாம்பரத்துக்கு அப்பால் ஒரு பண்ணை. பன்னிரண்டு ஞாயிற்றுக்கிழமைகள், நாயும் உரிமையாளரும் சேர்ந்தே கற்றுக்கொள்ளலாம், 18,000 ரூபாய் என்று விளம்பரம். நடத்துபவரை எல்லோரும் ‘மாஸ்டர்’ என்றுதான் கூப்பிடுகிறார்கள். பேச்சு அவ்வளவு இனிப்பு. சுவரில் சட்டம் போட்ட சான்றிதழ்கள் நாலைந்து மாட்டியிருந்தன. பக்கத்தில் போய்ப் படிக்கத் தோன்றவில்லை. பிறகு போனபோது படித்தேன். அதில் ஒன்று, இரண்டே நாள் நடந்த பட்டறையில் கலந்துகொண்டதற்கு, இன்னொன்று நாய்க் கண்காட்சியில் தன்னார்வலராக இருந்ததற்கு. நம் ஊரில் ‘நாய்ப் பயிற்சியாளர்’ என்று பலகை மாட்ட யாரும் எந்தத் தேர்வும் எழுத வேண்டியதில்லை.

முதல் இரண்டு ஞாயிறுகளும் நன்றாகவே போயின, அதையும் சொல்லிவிட வேண்டும். சுரங்கத் துணிக்குள் பொன்னி பயமில்லாமல் நுழைந்தாள். ஏ வடிவப் பலகையில் ஏறி இறங்கினாள். அதன் அடிப்பகுதிக்கு மஞ்சள் அடித்திருக்கும். நாய் மேலிருந்தே குதித்து மூட்டைக் கெடுத்துக்கொள்ளாமல், அந்த மஞ்சளில் கால் வைத்து இறங்க வேண்டும் என்பது விதி. அவித்த கோழி ஈரலைக் கையில் வைத்துக்கொண்டு நான் பக்கத்திலேயே ஓடினேன். இரண்டாம் ஞாயிறே மஞ்சளில் நின்று என் முகத்தைப் பார்த்தாள்.

மூன்றாவது ஞாயிறு மாஸ்டர் தனியாகக் கூப்பிட்டார். “மேடம், இது நாட்டு வேட்டை நாய். வாரம் ஒரு மணி நேரத்துல படியாது. முப்பது நாள் கேம்ப்ல விடுங்க. ரெடியாக்கித் தர்றேன், அப்புறம் நீங்க போட்டிக்கே கூட்டிட்டுப் போகலாம்.” அதற்குத் தனியாக 26,000. நாய் இல்லாத ஞாயிறுகளுக்கு நான் எதற்கு வர வேண்டும் என்று கேட்டேன். “நீங்க ரெஸ்ட் எடுங்க மேடம், விட்டுட்டுப் போங்க, நாங்க பாத்துக்கிறோம்” என்றார்.

அந்த இடத்திலேயே எனக்கு உறைத்திருக்க வேண்டும். அஜிலிட்டி என்பது நாய் தனியாக ஆடும் ஆட்டமே இல்லை. 1978ல் இங்கிலாந்தின் கிரஃப்ட்ஸ் கண்காட்சியில், பெரிய போட்டிகளுக்கு நடுவே கூட்டத்துக்கு வேடிக்கை காட்டத்தான் இதை முதலில் நடத்தினார்கள், குதிரை தாண்டும் போட்டியைப் பார்த்து. குதிரையின் மேல் ஆள் உட்கார்ந்திருப்பார், இங்கே ஆள் பக்கத்தில் ஓடுகிறார், அவ்வளவுதான் வித்தியாசம். போட்டியில் ஓடும்போது நாயைத் தொடக்கூடாது, கையில் கயிறோ தீனியோ இருக்கக்கூடாது. நம் தோள் எந்தப் பக்கம் திரும்புகிறது, கால் எங்கே நிற்கிறது என்று பார்த்துத்தான் அடுத்தது எந்தத் தடை என்று நாய் தெரிந்துகொள்கிறது. ஆக, பாதி பயிற்சி எனக்கு. என்னை வீட்டில் உட்காரவைத்துவிட்டு என் நாயை அஜிலிட்டிக்குத் தயார் செய்கிறேன் என்றால், மாப்பிள்ளை இல்லாமல் கல்யாணம் நடத்துகிறேன் என்று சொல்வது போல. இதெல்லாம் பிறகு உட்கார்ந்து படித்துத் தெரிந்துகொண்டது. அன்றைக்கு ஜி பேயில் பணத்தை அனுப்பிவிட்டேன். அதுவும் நிறுவனக் கணக்குக்கு அல்ல, அவர் மைத்துனர் நம்பருக்கு.

விட்டுவரும் முன் மகள் பொன்னியின் வலது முன்காலில் ஒரே ஒரு நகத்துக்கு ரோஸ் நெயில் பாலிஷ் போட்டாள். “அங்க எல்லா நாயும் இருக்கும்ல, மாறிடக்கூடாதும்மா” என்றாள்.

தினமும் சாயங்காலம் வாட்ஸப்பில் வீடியோ வந்தது. ‘ஐந்தாம் நாள்’, ‘பதினோராம் நாள்’ என்று மேலே எழுத்து, பின்னணியில் பாட்டு. பொன்னி ஏறுகிறாள், இறங்குகிறாள், வாலாட்டுகிறாள். சொந்தக்காரர்களுக்கெல்லாம் அனுப்பிப் பெருமைப்பட்டுக்கொண்டேன். நேரில் வந்து பார்க்கலாமா என்று கேட்டால், “உங்களைப் பாத்தா நாய்க்கு கவனம் சிதறிடும் மேடம்” என்று பதில் வரும். அதையும் நம்பினேன்.

‘இருபத்திரண்டாம் நாள்’ வீடியோவை மகள் நிறுத்திப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள். “அம்மா, பாலிஷ் கொஞ்சம்கூடப் போகல பாரேன்!” என்று சந்தோஷமாகக் காட்டினாள். மஞ்சளில் வைத்த காலில் அந்த ஒரு நகம் போட்ட அன்று மாதிரியே பளபளவென்று இருந்தது. மண்ணில் ஓடும் நாய்க்கு மூன்று வாரம் பாலிஷ் நிற்குமா? பழைய வீடியோக்களை எல்லாம் வரிசையாகத் திறந்து பார்த்தோம். எல்லாவற்றிலும் தென்னை நிழல் பலகையின் ஒரே இடத்தில் விழுந்திருந்தது. உதவிக்கு நிற்கும் பையன் எல்லாவற்றிலும் ஒரே நீலச் சட்டை. மொத்தத்தையும் ஒரே நாளில் எடுத்து, துண்டு துண்டாக வெட்டி அனுப்பியிருக்கிறார்கள்.

மறுநாளுக்கு மறுநாள், வேலை நாளாகப் பார்த்து, சொல்லாமல் போனேன். மாஸ்டர் ஊரில் இல்லையாம். கேட்டில் அந்தப் பையன்தான் இருந்தான். கொஞ்சம் தயங்கிவிட்டு, “அக்கா, சீக்கிரம் பாத்துட்டுப் போயிருங்க” என்று பின்பக்கம் கூட்டிக்கொண்டு போனான். தகரக் கூரைக்குக் கீழே கூண்டுகள், பகல் வெயிலில் உள்ளே நிற்கவே முடியவில்லை. பொன்னி எழுந்து வரவில்லை. என்னைத் தெரிந்தது, வால் மட்டும் தரையில் இரண்டு முறை தட்டியது. கழுத்தில் கறுப்புப் பட்டையோடு ஒரு பெட்டி. ஷாக் பெல்ட். “ராத்திரியிலகூட கழட்ட மாட்டாங்கக்கா, குரைச்சா அடிக்கும்” என்றான். கழற்றினேன். முடி உதிர்ந்த இடத்தில் இரண்டு புண்கள், அந்தப் பெல்ட்டில் தோலைத் தொடும் இரண்டு உலோக முனைகளுக்கு நடுவே இருக்கும் அதே இடைவெளியில்.

அங்கிருந்து நேராக வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போனோம். எடை 13.4 கிலோ. காதுக்குள்ளும் விரல் இடுக்கிலும் உண்ணி. ரத்தப் பரிசோதனையில் உண்ணிக் காய்ச்சல், தட்டணுக்கள் 48,000க்கு இறங்கியிருந்தன. டாக்ஸிசைக்ளின் நான்கு வாரம். கழுத்துப் புண் ஷாக்கினால் எரிந்தது என்று நினைத்திருந்தேன். முனைகள் பல மணி நேரம் ஒரே இடத்தில் அழுந்தினாலே தோல் செத்துப் புண்ணாகும், அதுவும் தோலுக்கடியில் கொழுப்பே இல்லாத இந்த ஜாதிக்குச் சீக்கிரம் ஆகும் என்றார் மருத்துவர். பத்து மாதக் குட்டியை உயரத் தடை தாண்டவைத்தார்களா என்றும் கேட்டார். எலும்பு நுனிகள் வளர்ந்து முடியும் முன் அது கூடாதாம். மூன்றாம் ஞாயிறு என் இடுப்பு உயரத்துக்குக் கம்பி வைத்துத் தாண்டவைத்ததும், நான் கை தட்டியதும் ஞாபகம் வந்தது.

அன்று இரவு மாஸ்டரிடமிருந்து போன் வந்தது. மன்னிப்பு இல்லை. “நாட்டு நாய்க்கு ஈரல் பாஷை புரியாது மேடம். ஃபார்ம்ல கையெழுத்துப் போட்டிருக்கீங்க, படிச்சுப் பாருங்க.” படித்தேன். நோய், காயம், மரணம் எதற்கும் நிர்வாகம் பொறுப்பல்ல என்று இருந்தது. வேல்ஸில் 2010லேயே இந்தப் பெல்ட்டைத் தடை செய்துவிட்டார்கள். இங்கே ஆன்லைனில் ஆர்டர் செய்தால் வீட்டு வாசலுக்கே வருகிறது.

காவல் நிலையத்தில் மரியாதையாகத்தான் பேசினார்கள். 1960ஆம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டத்தில் முதல் குற்றத்துக்கு அபராதம் பத்து ரூபாயிலிருந்து ஐம்பது ரூபாய் வரை. அன்று ஸ்டேஷனுக்குப் போய்வந்த ஆட்டோவுக்கே அதைவிட அதிகம் கொடுத்தேன். அதனால் நுகர்வோர் வழியில் போகிறேன். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்குப் போன் செய்து பதிவு செய்தேன், வக்கீல் நோட்டீஸ் அனுப்பினேன். நோட்டீஸ் போன வாரமே 12,000 ரூபாய் வந்தது, கூடவே “இதோட முடிச்சுக்கலாம்” என்று ஒரு செய்தியும். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் வரை கட்டிய சேவைக்குப் புகார்க் கட்டணம் கிடையாது, ஆன்லைனிலேயே கொடுக்கலாம், இரண்டு வருடத்துக்குள் கொடுக்க வேண்டும். மருத்துவச் சீட்டு, ஜி பே ரசீது, வீடியோக்கள் எல்லாவற்றையும் அச்செடுத்து வைத்திருக்கிறேன். வீடியோவை மட்டும் போனிலிருந்து அழித்துவிடாதீர்கள், எனக்கு இப்போது கையில் இருக்கும் வலுவான சாட்சி அதுதான்.

வகுப்பு தேடுகிறவர்கள் போய் நின்று ஒரு வகுப்பை முழுசாகப் பாருங்கள். நீங்கள் இல்லாமல் பயிற்சி என்றால் திரும்பி வந்துவிடுங்கள். சொல்லாமல் எந்த நாளும் வந்து பார்க்கலாமா என்று கேளுங்கள், பதில் சொல்வதற்கு முன் முகம் எப்படி மாறுகிறது என்று கவனியுங்கள். மற்ற நாய்களின் கழுத்தையும் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள்.

பொன்னி இப்போது 16 கிலோ. மொட்டை மாடியில் இரண்டு செங்கல்மேல் துடைப்பக் கட்டையை வைத்து மகள் ஓடவிடுகிறாள். ஷாக் அடிப்பதற்கு முன் அந்தப் பெல்ட் ‘பீப்’ என்று ஒரு சத்தம் கொடுக்குமாம். கரண்ட் போய் இன்வர்ட்டர் கத்தினால் இன்றைக்கும் கட்டிலுக்கடியில் போய்ப் படுத்துக்கொள்கிறாள். வெளியே வர ஒரு மணி நேரம் ஆகும்.

அந்தப் பண்ணையின் புது விளம்பரம் போன வாரம் என் போனுக்கே வந்தது. சாம்பல் நிறச் சிப்பிப்பாறை ஒன்று பலகையில் ஏறி இறங்கி மஞ்சளில் நிற்கும், மேலே ‘முப்பது நாளில் மாற்றம்’ என்று எழுதியிருக்கும். உங்களுக்கும் வந்தால் வலது முன்காலைப் பெரிதாக்கிப் பாருங்கள். ஒரு நகம் ரோஸாக இருக்கும். அது முதல் நாள் எடுத்தது.