6,500 ரூபாய் போயிற்று: மேக் கணினியில் இயங்குதளம் புதுப்பிப்பவர்கள் கவனத்திற்கு

இன்று மதியம்தான் இராமநாதபுரத்திலிருந்து வெறுங்கையோடு பாம்பனுக்குத் திரும்பினேன். மடிக்கணினி பழுதுபார்க்கும் கடை ஒன்றில் 6,500 ரூபாயையும், அதைவிடப் பெரிதாக ஆறு நாள் வேலையையும் பறிகொடுத்திருக்கிறேன்.

சென்ற ஞாயிறு இரவு என் பழைய இன்டெல் மேக்புக்கில் இயங்குதளத்தைப் புதுப்பித்தேன். மறுநாள் காலை கட்டளைகளைத் தட்டும் டெர்மினல் சாளரத்தில், நிரலில் செய்யும் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட் என்ற கருவியின் கட்டளையைக் கொடுத்ததும், ‘இன்வாலிட் ஆக்டிவ் டெவலப்பர் பாத்’ என்று ஒரு வரி வந்து நின்றது. மீன் ஏலக் கணக்குக்காக ஃப்ளட்டர் என்ற செயலி உருவாக்கும் கருவியில் செய்துவந்த செயலியை அந்த வாரமே ஒப்படைக்க வேண்டியிருந்ததால், அந்த வரியின் பொருளைத் தேடிப் பார்க்கும் பொறுமைகூட இல்லாமல் பஸ் ஏறிவிட்டேன்.

கடைக்காரர் என் ஊரைக் கேட்டார். “பாம்பனா? நான் தங்கச்சிமடம்தான் தம்பி. நம்ம பக்கத்துப் புள்ளைக்குத் தப்பாச் செய்வேனா?” என்றார். அப்பாவின் படகு தென்கடலில் நிற்கிறதா, வடகடலில் நிற்கிறதா என்றுகூட அக்கறையாக விசாரித்தார். அந்தப் பேச்சில்தான் விழுந்தேன். சிஸ்டம் கோப்புகள் கெட்டுவிட்டன, போர்டையும் பார்க்க வேண்டும், ஆனால் டேட்டா ஒன்றும் போகாது என்று அவர் சொன்னதை நம்பி, அவர் நீட்டிய பழைய ரசீதின் பின்பக்கத்தில் என் கடவுச்சொல்லை என் கையாலேயே எழுதிக் கொடுத்தேன். 6,500 ரூபாயையும் முன்கூட்டியே வாங்கிக்கொண்டார். அப்பா ஐஸுக்கும் டீசலுக்கும் எடுத்து வைத்திருந்த பணம் அது.

செவ்வாய்க்கிழமை தருவதாகச் சொன்னவர் வியாழக்கிழமைதான் கொடுத்தார். வீட்டில் திறந்து பார்த்தால், கணினியை முழுவதுமாக அழித்துப் புதிய பயனர் கணக்கு ஒன்றை உருவாக்கியிருந்தார்கள். டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ் ஆகிய இரண்டு கோப்புறைகளை மட்டும் பிரதி எடுத்தவர்கள், அவற்றுக்கு வெளியே இருந்த என் செயலியின் கோப்புறையைத் தொடவே இல்லை. கடைசி ஆறு நாள் மாற்றங்களை நான் இணையத்தில் ஏற்றியிருக்கவில்லை. இத்தனைக்கும் பிறகு கிட் அப்போதும் ஓடவில்லை.

போன் செய்தால், “அண்ணன் சாப்பிடப் போயிருக்காங்க” என்று கடைப் பையன் சொன்னான். மாலையில் கேட்டாலும் அதே பதில்தான். இன்று நேரில் போய் நின்றபோது, தங்கச்சிமடத்துக்காரர் என் முகத்தையே பார்க்காமல், “மேக்னா இப்படித்தான் தம்பி, பேக்கப் எடுக்காதது உங்க தப்பு” என்றார். ரசீதில் ‘சர்வீஸ் சார்ஜ் 6,500’ என்பதைத் தவிர ஒரு சொல் இல்லை.

உண்மையில் பழுது என்ன தெரியுமா? கல்லூரித் தோழர் ஒருவர் தொலைபேசியில் பத்து நிமிடத்தில் விளக்கினார். மேக்கில் இயல்பாக இருக்கும் கிட் என்பது, உண்மையான கருவி எங்கே இருக்கிறது என்று தேடிப்போய் அழைக்கும் ஒரு நுழைவாயில் மட்டுமே. இயங்குதளம் புதுப்பிக்கப்படும்போது அந்த உண்மையான கிட் அடங்கிய கருவித் தொகுப்பு சில வேளைகளில் நீங்கிவிடுவதால் பாதை அறுந்துபோகிறது. டெர்மினலில் எக்ஸ்கோடு-செலக்ட் என்று தட்டி, ஓர் இடம் விட்டு, இரண்டு சிறு கோடுகளை ஒட்டி இன்ஸ்டால் என்று எழுதினால் ஒரு சாளரம் திறக்கும். ஒப்புதல் கொடுத்தால் தொகுப்பு இறங்கிவிடும். கட்டணம் ஒரு பைசா கிடையாது. இதற்குத்தான் 6,500 ரூபாய்!

ஃப்ளட்டரை மறுபடி நிறுவிய பிறகும் அது ஓடாமல் போனது கடைக்காரர் புதிதாகச் சேர்த்துவிட்ட சிக்கல். டெர்மினலில் தட்டும் கட்டளைகளைப் படித்து இயக்கும் நிரலுக்கு ஷெல் என்று பெயர். 2019-இல் வந்த கேட்டலினா என்ற மேக் இயங்குதளத்திலிருந்து புதிய கணக்குகளுக்கு இசட்-ஷெல்தான் இயல்பு ஷெல். என் பழைய கணக்கு முந்தைய ஷெல்லான பாஷிலேயே இருந்ததால், ஃப்ளட்டர் எங்கே இருக்கிறது என்று சொல்லும் பாத் வரிகளை பாஷ் ப்ரொஃபைல் கோப்பில் வைத்திருந்தேன். புதிய கணக்கு அந்தக் கோப்பைப் படிக்கவே படிக்காது. அதே வரிகளை இசட்-ஷெல் தொடங்கும்போது படிக்கும் ஆர்சி கோப்பில் எழுதி, டெர்மினலை மூடித் திறந்ததும் சரியாகிவிட்டது.

விரிவாக எழுத நினைத்தேன், முடியவில்லை. புதுப்பிக்கும் முன் வேலையை இணையத்தில் ஏற்றிவிடுங்கள், பிழைச் செய்தியை அப்படியே தேடிப் பாருங்கள், கடவுச்சொல்லை எவருக்கும் எழுதிக் கொடுக்காதீர்கள், ‘அழிக்கக் கூடாது’ என்று ரசீதில் எழுதி வாங்குங்கள். நுகர்வோர் உதவி எண் 1915-க்கு நாளை காலை பேசப்போகிறேன். அந்த 6,500 ரூபாய் ரசீதை அப்பாவின் கண்ணில் படாமல் எடுத்து வைத்திருக்கிறேன்.