யூக்ளூலெட்டில் அரை நாள் மீன்பிடிப் படகு: முன்பணம் கட்டும் முன் படித்துவிடுங்கள்

கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில், வான்கூவர் தீவின் மேற்குக் கரையில் உள்ள யூக்ளூலெட்டில், ஆகஸ்ட் மாதம் நால்வர் சேர்ந்து ஓர் அரை நாள் படகுக்குப் பணம் கட்டினோம். சால்மனும் ராக்ஃபிஷ் எனும் பாறைமீனும், காலை 6 முதல் 11 வரை. தூண்டில், இரை, மீனை வெட்டிக் காற்று நீக்கிப் பொதி செய்து தருவது எல்லாம் சேர்த்து ஒரே தொகை என்று எழுத்தில் இருந்தது. அந்த ஐந்து மணி நேரத்தில் தூண்டில் தண்ணீருக்குள் இருந்தது 1 மணி 55 நிமிடம். அதைவிடக் கவலையான விஷயம், எங்கள் பெயரில் உள்ள உரிமத்தின் மீது வழக்கு விழக்கூடிய காரியங்களை வழிகாட்டி எங்களைச் செய்யவைக்கப் பார்த்தது. புகார் நடந்துகொண்டிருப்பதால் அந்த நிறுவனத்தின் பெயரை எழுதவில்லை. என்ன நடந்தது, ஏன் அது தவறு என்பதை மட்டும் விவரமாக எழுதுகிறோம். டொரோன்டோவிலிருந்தும் வான்கூவரிலிருந்தும் நம்மவர்கள் கோடை விடுமுறைக்கு அந்தப் பக்கம் போவது இப்போது சாதாரணமாகிவிட்டது.

முதலில் நேரக் கணக்கு. 6 மணிக்கு நாங்கள் இறங்குதுறையில் நின்றோம். படகுக்கு எண்ணெய் நிரப்பவும் இரை வாங்கவும் அதன் பிறகுதான் போனார்கள், கட்டவிழ்த்தபோது 6:35. இடத்தை அடைந்தது 7:20. தூண்டில் எதுவும் முன்கூட்டியே கட்டி வைக்கப்படாததால் இன்னும் கால் மணி நேரம். சால்மனுக்கு 7:35 முதல் 8:50 வரை. பிறகு வழிகாட்டி தன் சொந்த நண்டுக் கூடுகளைத் தூக்கப் போய்விட்டார். அதில் 40 நிமிடம். ராக்ஃபிஷுக்கு 9:30 முதல் 10:10 வரை. 10:50க்குக் கரை.

ஒழுங்காக நடத்துபவர்கள் முதல் நாள் மாலையே எண்ணெய் நிரப்பி, இரையை உப்பில் போட்டு, தூண்டில் தண்டுகளைக் கட்டி வைத்திருப்பார்கள். போக வர ஒன்றரை மணி நேரம் போனாலும் ஐந்து மணியில் மூன்றரை மணி நேரம் தூண்டில் தண்ணீரில் இருக்கும். ஆகவே 'எத்தனை மணி நேரப் பயணம்' என்று கேட்காதீர்கள். 'தூண்டில் தண்ணீரில் குறைந்தது எத்தனை மணி நேரம்' என்று கேட்டு, பதிலை மின்னஞ்சலில் வாங்கிக்கொள்ளுங்கள். நேரத்தை ஒருவர் போனில் குறித்துக்கொண்டே வாருங்கள். பின்னால் பணம் திரும்பக் கேட்கும்போது கையில் நிற்பது அந்தக் குறிப்புதான்.

விளம்பரப் படத்திலும் ஏமாற வேண்டாம். யூக்ளூலெட்டிலிருந்து அரை நாளுக்குப் போகும் இடம் ஆம்ஃபிட்ரைட் முனைக் கலங்கரை விளக்கத்தைச் சுற்றிய கடலும் பார்க்லி சவுண்ட் என்ற விரிகுடாவின் வாயும்தான். பெரிய சினூக் (சால்மனில் மிகப் பெரிய வகை) படங்கள் பல லா பெரூஸ் என்ற கடலடி மேட்டில் எடுத்தவை. அது வெளிக்கடலில் வெகு தூரம். முழு நாள் பயணத்துக்கு உரியது. அரை நாள் விலைக்கு மேலே அந்தப் படத்தைப் போட்டிருந்தால், எந்த இடம் என்று கேளுங்கள். காலைப் பயணத்தையே எடுங்கள்: கோடையில் மதியத்துக்கு மேல் வடமேற்குக் காற்று எழும்பிவிடும், அலை உயரும், பாதி நேரம் படகை நிதானிப்பதிலேயே போய்விடும். ஆகஸ்டில் பனிமூட்டமும் சேரும். உள்ளூரில் 'ஃபாக்' (பனிமூட்டம்) என்பதைச் சேர்த்து அந்த மாதத்தையே 'ஃபாகஸ்ட்' என்பார்கள். அதனால் படகில் ராடார் இருக்கிறதா என்றும் கேட்க வேண்டும்.

அடுத்தது கருவி. சால்மனுக்கு அங்கே டவுன்ரிகர்தான் முறை. எஃகுக் கம்பியின் முனையில் 12 முதல் 15 பவுண்டு ஈயக்குண்டு, அதற்கு மேலே நம் தூண்டில் நரம்பைப் பிடித்துக்கொள்ளும் கிளிப். படகு இரண்டு முதல் மூன்று நாட் (மணிக்குக் கடல் மைல்) வேகத்தில் மெதுவாகப் போக, குண்டு தூண்டிலை வேண்டிய ஆழத்தில் வைத்திருக்கும். எங்கள் படகில் இரண்டு டவுன்ரிகர் இருந்தன. வலது பக்கத்தில் உள்ளது வேலை செய்யவில்லை. நால்வருக்கு ஒன்றுதான் மிச்சம். அந்த ஒன்றில் இரண்டு தண்டுகளை மாட்டியதில் இரண்டும் சிக்கிக்கொண்டன.

சிக்கல் அவிழ்ந்த பிறகும் தூண்டில் சரியில்லை. ஃபிளாஷர் என்பது பளபளக்கும் ஒரு பட்டை. தண்ணீரில் சுழன்று வீசும். அதன் பின்னால் ஹூச்சி எனும் ரப்பர் கணவாயைக் கட்டினால், ஹூச்சிக்குத் தானாக அசைவு கிடையாது. ஃபிளாஷரின் வீச்சுதான் அதை உதறவேண்டும். அதற்கு, இரண்டுக்கும் இடையில் உள்ள நரம்பு ஏறக்குறைய ஒரு மீட்டர்தான் இருக்கலாம். ஸ்பூன் எனும் கரண்டி போன்ற உலோக இரை என்றால் தானே ஆடும், ஆகவே ஐந்து ஆறு அடி விடலாம். எங்கள் வழிகாட்டி ஸ்பூனுக்குக் கட்டிய ஆறடி நரம்பிலேயே ஹூச்சியை மாட்டி இறக்கினார். அந்த நீளத்தில் அது செத்த துணி மாதிரி பின்னால் இழுபடும். நெத்திலி இரையும் அப்படியே. உறைய வைத்து, இளக்கி, மறுபடி உறைய வைத்தது. கையில் எடுத்தாலே வயிறு பிளந்தது, செதில் விரலோடு வந்தது. கல்லுப்பில் இராத்திரி முழுவதும் கிடந்த நெத்திலி விறைப்பாக, வெள்ளியாக மின்னும். பெட்டியைத் திறந்ததும் பார்த்துவிடுங்கள்.

சால்மன் ஒன்றுக்கு மேல் கடிக்கவில்லை என்றதும் ராக்ஃபிஷ் பக்கம் போனோம். இங்கேதான் எங்களுக்கு மிகவும் மனம் வலித்தது. ராக்ஃபிஷ் நம்ம ஊர்க் களவாய் போல் பாறையோடு ஒட்டி வாழும் மீன். கனடாக் கடைகளில் 'பசிபிக் ஸ்நாப்பர்' என்று விற்பது இதைத்தான், சங்கரா அல்ல. அதன் காற்றுப்பைக்கு வாய்வழித் திறப்பு கிடையாது. 60 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் மேற்பரப்பைப் போல் ஏழு மடங்கு. மேலே இழுத்தால் உள்ளே இருக்கும் காற்று ஏழு மடங்கு விரியப் பார்க்கும். எங்கள் தூண்டிலில் வந்த ஒன்று ஆரஞ்சு நிறம், கண் வளையம் மட்டும் மஞ்சள். வயிறு வாய் வழியாக வெளியே பிதுங்கி நாக்கைப் போல் நின்றது, கண் இரண்டும் கண்ணாடிக் கோலி மாதிரி வெளியே தள்ளியிருந்தது. வழிகாட்டி அதைக் கொக்கியிலிருந்து கழற்றிக் கடலில் எறிந்தார். அது கீழே போக முடியாமல் மல்லாந்து மிதந்தது. படகு நகர்ந்து சில நொடிகளில் கடற்காகங்கள் இறங்கிவிட்டன.

அது எலோஐ ராக்ஃபிஷ். நூறு வயதைத் தாண்டி வாழக்கூடியது. பிரிட்டிஷ் கொலம்பியாவில் பொழுதுபோக்கு மீன்பிடிப்பில் ஒன்றைக்கூட வைத்துக்கொள்ள முடியாது, பொகாச்சியோ என்ற இன்னொரு ராக்ஃபிஷும் அப்படியே. குட்டி எலோஐ வேறு மாதிரி இருக்கும்: சிவப்பு உடம்பில் இரண்டு வெள்ளைக் கோடு. வைத்துக்கொள்ளாத ராக்ஃபிஷ் எதுவானாலும், பிடித்த ஆழத்துக்கு நிகரான ஆழத்துக்கு உடனே இறக்கிவிட வேண்டும் என்பது உரிமத்தின் நிபந்தனை. அதற்கு ஒரு கருவி படகில் இருக்கவேண்டும்: தாடையைக் கவ்வி, அழுத்தம் கூடியதும் தானாகத் திறக்கும் கிடுக்கி, அல்லது எடை கட்டித் தலைகீழாகத் தொங்கும், எதிர்முள் (நுனிக்குச் சற்றுக் கீழே பின்னோக்கி இருக்கும் சிறு முள்) இல்லாத ஒரு கொக்கி. டவுன்ரிகரின் ஈயக்குண்டோடு சேர்த்தும் இறக்கலாம், ஒரு நிமிட வேலை. அவரிடம் எதுவும் இல்லை. இரண்டாவது எலோஐ வந்தபோது, செத்துத்தானே போகும், பெட்டியில் போட்டுக்கொள்ளுங்கள் என்றார். நாங்கள் மறுத்தோம்.

அரை நாள் படகுகள் ஆழத்துக்குப் போவதற்குக் காரணம் இருக்கிறது. 50, 60 மீட்டரில் எறிந்த உடனே கடிக்கும்; சால்மன் கிடைக்காத வாடிக்கையாளர் கை நிறைய மீனோடு போவார். கெல்ப் பாசியின் ஓரத்தில், 20 மீட்டருக்குள், கூட்டமாக நிற்கும் கறுப்பு ராக்ஃபிஷைத் தேடுவது கொஞ்சம் பொறுமை வேண்டிய வேலை. ஆனால் சேதம் மிகக் குறைவு, கறியும் நன்றாக இருக்கும். எந்த ஆழத்தில் ராக்ஃபிஷ் பிடிப்பீர்கள் என்று முன்பே கேளுங்கள். அந்த ஒரு கேள்விக்கு வரும் பதிலிலேயே ஆள் எப்படிப்பட்டவர் என்று பெரும்பாலும் தெரிந்துவிடும்.

மாகாணக் கடலோரத்தில் 164 ராக்ஃபிஷ் பாதுகாப்புப் பகுதிகள் இருக்கின்றன; பார்க்லி சவுண்டிலும் உண்டு. அவற்றுக்குள் நண்டுக் கூடும் இறால் கூடும் போடலாம், தூண்டில் போடக் கூடாது. ராக்ஃபிஷுக்கு மட்டும்தான் தடை என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். சால்மனுக்குத் தூண்டில் இழுத்துப் போவதும் தடைதான். எங்கள் படகு அலையில் ஒதுங்கி எல்லைக் கோட்டை நெருங்கியபோது, போனில் வரைபடம் வைத்திருந்தவர் சொல்லித்தான் தூண்டிலைத் தூக்கினோம்.

இதில் எல்லாம் மாட்டுவது யார் என்பதைத் தெளிவாகப் புரிந்துகொள்ளுங்கள். ஒவ்வொருவரும் தன் பெயரில் கடல்நீர் மீன்பிடி உரிமம் எடுத்திருக்க வேண்டும். சால்மனை வைத்துக்கொள்ள அதன் மேல் சால்மன் முத்திரையும் வேண்டும். தண்டைப் பிடித்தவர் நீங்கள் என்றால் பொறுப்பும் உங்களுடையது. வழிகாட்டி சொன்னார் என்பது அதிகாரியிடம் எடுபடாது. சால்மனுக்கு எதிர்முள் இல்லாத கொக்கி கட்டாயம்.  எங்கள் படகில் இருந்த கொக்கிகளைக் கம்பளித் தொப்பியில் குத்தி இழுத்துப் பார்த்தோம். ஆறில் இரண்டு நூலைப் பிடித்துக்கொண்டு வரவில்லை. குறட்டால் அழுத்திவிட்டால் போதும், பத்து வினாடி. அந்தப் பத்து வினாடியைக்கூட அவர் செலவழித்திருக்கவில்லை.

சினூக் பிடித்தால் அங்கேயே, அப்போதே உரிமத்தில் பதிய வேண்டும். கரைக்குப் போய் எழுதிக்கொள்ளலாம் என்றார் வழிகாட்டி. பேனாவை எடுத்து உடனே எழுதினோம். கோஹோ எனும் இன்னொரு வகைச் சால்மனா சினூக்கா என்பதும் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். வாயைத் திறந்து கீழ் ஈறைப் பாருங்கள்: பல் வரிசையடியில் கறுப்பு என்றால் சினூக், வெளுப்பு என்றால் கோஹோ. வாலில் மேல் கீழ் இரண்டு பாதியிலும் புள்ளி இருந்தால் சினூக். மேல் பாதியில் மட்டும் என்றால் கோஹோ. ஃபிரேசர் ஆற்று சினூக்கைக் காப்பாற்ற 2019 முதல் தென் கடலோரத்தில் பல கட்டுப்பாடுகள் வந்துவிட்டன. அளவும் எண்ணிக்கையும் பகுதிக்குப் பகுதி, மாதத்துக்கு மாதம் மாறும், பருவத்தின் நடுவிலும் மாறும். மீன்வளத் துறையின் கணக்கில் யூக்ளூலெட்டும் பார்க்லி சவுண்டும் 23ஆம் எண் மீன்பிடிப் பகுதி. கிளம்புவதற்கு முதல் நாள் இரவு மீன்வளத் துறையின் தளத்தில் அந்த எண்ணைப் போட்டுப் படித்துவிட்டுப் போங்கள்.

எங்களுக்குக் கிடைத்த ஒரே சினூக் 71 சென்டிமீட்டர். மீனைத் தூக்கியதும் செவுளை அறுத்து இரத்தம் வடியவிட்டு, கடல்நீரும் ஐஸும் கலந்த கூழில் போடவேண்டும். ஐஸ் இல்லை. வெறும் பெட்டியில் மூன்று மணி நேரம் கிடந்தது. துறையில் வெட்டும் முன் தராசில் 4.8 கிலோ. சால்மனில் சதை அறுபது சதவீதத்துக்குக் குறையாமல் வரும். மூன்று கிலோ அளவில் வந்திருக்க வேண்டும். பொதியில் வந்தது 2.1 கிலோ, தோல் இல்லாமல். வகையும் எண்ணிக்கையும் அளவும் கண்டறிய முடியாதபடி மீனை வெட்டி வைத்திருப்பதே குற்றம் என்பதால்தான் தோலை விட்டுவைப்பார்கள். விமான நிலையம் வரை அந்தப் பொதியைச் சுமக்கப்போவது நீங்கள். வெட்டும் முன் எடை போட்டுப் படம் எடுங்கள், வெட்டும் மேசை அருகிலேயே நில்லுங்கள். ராக்ஃபிஷில் மட்டும் எதிர்பார்ப்பைக் குறைத்துக்கொள்ளுங்கள்: தலை பெரிது, மூன்றில் ஒரு பங்கு சதை வந்தாலே நல்ல வெட்டு.

பிரிட்டிஷ் கொலம்பியாவில் ஆற்றிலும் ஏரியிலும் வழிகாட்டியாக இருக்க மாகாண உரிமம் வேண்டும். கடலில் அப்படி ஒரு கட்டாய உரிமம் இல்லை. பயிற்சிச் சான்று விருப்பம்தான். எனவே நீங்கள் கேட்டுப் பார்க்க வேண்டியது படகைப் பற்றிய தாள்களை: வணிகப் படகாகப் பதிவானதா, ஓட்டுபவரிடம் சிறு படகு ஓட்டுநர் தகுதிச் சான்று இருக்கிறதா, பயணிகளுக்கான காப்பீடு உண்டா. கிளம்பும் முன் உயிர்காப்பு அங்கி எங்கே, விஎச்எஃப் ரேடியோ எங்கே என்று காட்டிச் சொல்வது அவருடைய கடமை. எங்களிடம் யாரும் சொல்லவில்லை. கோடையிலும் அந்தத் தண்ணீர் உடம்பை விறைக்க வைக்கும் குளிர்.

பணத்தைக் கடன் அட்டையில் மட்டும் கட்டுங்கள். இ-டிரான்ஸ்ஃபரில் (மின்னஞ்சல் வழி வங்கிப் பணமாற்றம்) முன்பணம் கேட்டால் வேறு படகு பாருங்கள், போன பணத்தைத் திரும்பப் பிடிக்க வழியில்லை. எரிபொருள் கூடுதல் கட்டணம், ஜிஎஸ்டி, மீன் வெட்டும் கூலி எல்லாம் தொகைக்குள் அடக்கமா என்று எழுத்தில் வாங்குங்கள். வானிலையால் ரத்தானால் முழுப் பணமா, வேறு தேதியா என்பதையும். எங்களுக்கு அவர்கள் தர முன்வந்தது அடுத்த ஆண்டுக்கு 20 சதவீதத் தள்ளுபடிச் சீட்டு. வாங்கவில்லை. நேரக் குறிப்பு, வேலை செய்யாத டவுன்ரிகரின் படம், தராசுப் படம், 'எல்லாம் அடக்கம்' என்ற மின்னஞ்சல் நான்கையும் சேர்த்து அட்டை வங்கியில் முறையிட்டிருக்கிறோம். எலோஐ விஷயத்தைத் தனியாக மீன்வளத் துறையில் பதிந்தோம். இறக்கிவிடும் கருவி படகில் இருந்ததா என்பதுதான் அவர்கள் எங்களிடம் கேட்ட முதல் கேள்வி.